மாமாவின் கட்டாங்கா

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமா கேட்டது இரண்டே கேள்விதான். சமைக்கத் தெரியுமா, கோலம் போட வருமா என்பதெல்லாம் அத்தையின் பொறுப்பு. அவர் கேட்டு முடிக்கும்வரை என் வருங்கால மாமனார் வேலூரில் எங்கள் வீட்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணு ஜியாகிரபி எம்.ஏ.ன்னு சொன்னாங்க. கட்டாங்கா எங்க இருக்கு?" என்றார்.

எம்.ஏ. தேர்வில்கூட யாரும் அவ்வளவு நேரடியாகக் கேட்டதில்லை. "ஆப்பிரிக்காவில. காங்கோ நாட்டோட தென்கிழக்கு மூலையில. தாமிரம், கோபால்ட் எல்லாம் கிடைக்கும். அந்த நாட்டுக்கு இப்ப ஜயர்னு பேரு, கட்டாங்காவுக்கு ஷாபானு பேரு."

"பேரை விடு. எலிசபெத்வில்லிலேருந்து ஜாடோவில் போறதுக்கு லாரியில எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாதுங்க."

"மூணு மணி நேரம். மழைக்காலத்துல சொல்ல முடியாது."

பதிலையும் அவரே சொல்லிவிட்டு, தன் மகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். நிச்சயம் ஆகிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகத்தான் எனக்கு மார்க் விழுந்தது என்று பிறகு என் கணவர் சொன்னார். எனக்கு முன்னால் பார்த்த ஆம்பூர்ப் பெண், "நாலு மணி நேரம் இருக்குங்களா?" என்று தோராயமாக அடித்துப் பார்த்து, அதனாலேயே வாய்ப்பை இழந்தவளாம்.

1991 ஆவணியில் கல்யாணம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கம், கீழே மூன்று அறையும் மாடியில் ஒற்றை அறையுமாக மாமா கட்டியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கூடவே கட்டாங்காவும் வந்தது, இல்லை, அது எனக்கு முப்பது வருஷம் முன்னாலேயே அங்கே குடியேறியிருந்தது.

மாமா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். நான் போனபோது ஓர் அரசுத் தொழிற்சாலையில் ஊழியர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். காங்கோவுக்கு விடுதலை கிடைத்த பதினோராவது நாளே கட்டாங்கா மாகாணம், 'நான் தனி நாடு' என்று பிரிந்துகொண்டது. நாட்டின் தாமிரம் முழுக்க அங்கேதான் இருந்தது. சண்டை வந்தது. உலக நாடுகள் சேர்ந்து அமைதிப்படை அனுப்பின. அதில் நம் படையும் போனது. அறுபத்தொன்றில், இருபத்துநான்கு வயதில், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு மாமாவும் போனார். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். வந்தாரே தவிர, முழுசாக வரவில்லை என்பது அத்தையின் அபிப்பிராயம்.

கப்பன் பார்க் பக்கம் ஜக்கரண்டா பூத்திருந்தால் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். "இதே மரந்தான். எலிசபெத்வில்ல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இப்படித்தான் ஊதாவா இருக்கும்." பெங்களூரில் யாராவது குளிர்கிறது என்றால், "கட்டாங்கா இதைவிட ஆயிரம் அடி உசரம்" என்பார். குளிர்கிறது என்று சொன்னவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மன்னிப்புக் கேட்காத குறையாக உட்கார்ந்திருப்பார். அங்கே இருக்கும் கறையான் புற்றுகளைப் பற்றி அவர் சொல்லும்போது மட்டும் என் கணவர் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொள்வார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்தப் புற்று ஓர் ஆள் உயரம். நான் மருமகளாக வந்தபோது மாடி உயரம். என் மகன் பிறந்தபோது தென்னை மரத்தை எட்டியிருந்தது.

சரித்திரமும் சொல்வார். கிழக்கேயிருந்து வியாபாரத்துக்கு வந்து அங்கேயே ராஜாவாகிவிட்ட ஒருவர், பெருக்கல் குறி வடிவத்தில் வார்த்த தாமிரக் கட்டிகளைப் பணமாகக் கொடுத்து வாங்கிய ஜனங்கள், அந்த ராஜாவைச் சுட்டுவிட்டு நாட்டை எடுத்துக்கொண்ட பெல்ஜியக்காரர்கள், பிறகு வந்த சுரங்கம், ரயில். இதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சாப்பாட்டுக்கு லாரியை நிறுத்திய இடங்களில் கேட்டது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து லைப்ரரியில் ஒத்துப்பார்த்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. கறையான் புற்றுகூட, நம்பினால் நம்புங்கள், ஏறக்குறைய சரி. அதை என் கணவரிடம் நான் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. மாமா அங்கே லாரி ஓட்டினார், சரி, லாரியில் என்ன ஏற்றிக்கொண்டு போனார்? நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. "துப்பாக்கி ரவை" என்று என் கணவர் மூன்றாம் வகுப்பில் சக மாணவர்களிடம் சொல்லியிருந்தார். மாமா அதை மறுக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் மாமா ஓய்வு பெற்றார். பகல் முழுக்க வீட்டில் இருந்தார். ஒரே மாதத்தில் அத்தை, "மாடி ரூமை யாருக்காவது வாடகைக்கு விடலாம், இவருக்குப் பேச ஒரு ஆளு வேணும்" என்றார். வாடகைக்கு ஆள் பார்க்கிற காரணங்களில் இது புதிது.

அப்படி வந்தவர்தான் மாடிக்காரர். கம்ப்யூட்டர் படிக்க ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவர், இருபத்திரண்டு வயது. காக்ஸ் டவுனில் அவர் ஞாயிற்றுக்கிழமை போகும் சர்ச்சில் யாரோ எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே ஏழு வீடுகளில் 'ரூம் போய்விட்டது' என்ற பதிலைக் கேட்டுவிட்டு எட்டாவதாக எங்கள் கேட்டில் நின்றார். அத்தையும் அதே பதிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பதை மறைக்க மாட்டேன். மாமா குறுக்கே வந்து, "எந்த ஊரு?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஜயர், சார்."

"ஜயர் பெரிய நாடு. எந்த ஊரு?"

"லிக்காசி. ஷாபா மாகாணம்."

மாமா கேட்டைத் திறந்துவிட்டார். "ஜாடோவில்," என்றார். "கட்டாங்கா."

"லிக்காசி," என்றார் வந்தவர், பணிவாக. "ஷாபா."

அன்று சாயங்காலமே பெட்டி மாடிக்குப் போய்விட்டது. எத்தனை மாத அட்வான்ஸ் என்று கேட்கக்கூட மறந்துபோன மாமாவை அத்தை சமையலறைக்குக் கூப்பிட்டு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஆடுகோடியிலிருந்து வந்த அத்தையின் தங்கை, "வேற ஆளே கிடைக்கலையா?" என்று கேட்டபோது மாமா சொன்னார்: "அவங்க ஊர்ல நான் ஒன்றரை வருஷம் இருந்தேன். ஒருத்தரும் வேற ஆளே கிடைக்கலையான்னு கேக்கல."

"கையில துப்பாக்கி இருந்தா யார் கேப்பாங்க?" என்று என் கணவர் என் காதில் மட்டும் சொன்னார்.

மாடிக்காரரால் வீட்டில் முதலில் குழம்பியது உறவுமுறை. அவர்கள் ஊரில் வயதில் மூத்த ஆணைப் 'பாப்பா' என்றும் பெண்ணை 'மாமா' என்றும்தான் கூப்பிட வேண்டுமாம். பெரிய மீசையும் ஆறடி உயரமுமாக இருந்த என் மாமனார் ஒரே நாளில் பாப்பா ஆகிவிட்டார். அத்தை மாமா ஆனார். மாடிப்படியிலிருந்து "மாமா" என்று குரல் வந்தால் மாமா எழுந்திருப்பார், "உங்களை இல்ல, என்னை" என்று அத்தை போவார். காய்கறி வண்டிக்காரர் எதிரில் "பாப்பா, குட் மார்னிங்" என்று மாடிக்காரர் கைகுலுக்கியதைப் பார்த்து, வண்டிக்காரர் அதன்பின் தானும் ஒருமுறை முயன்று பார்த்தார். மாமா அவரிடம் ஒரு வாரம் காய் வாங்கவில்லை.

இருவரும் பேசிக்கொண்டது என்ன மொழி என்று சொல்வது கடினம். மாடிக்காரரின் பிரெஞ்சு வாடை இங்கிலீஷ், மாமாவின் ராணுவ இந்தி, இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொஞ்சம் சுவாஹிலி. தண்ணீருக்கு 'மாஜி', மெதுவாக என்பதற்கு 'போலே போலே'. முப்பத்துமூன்று வருஷமாக மாமா அந்த வார்த்தைகளை யாருக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. நான் இங்கே எழுதுவது அந்தக் கலவையின் தமிழ்.

பேச்சு எப்போதும் ஊர்ப் பெயர்களில்தான் முட்டிக்கொள்ளும். மாமா 'எலிசபெத்வில்' என்றால் மாடிக்காரர் 'லுபும்பாஷி' என்பார். பெல்ஜியக்காரர்கள் வைத்த பெயர்களை எல்லாம் மாற்றியாயிற்று என்று விளக்குவார். அதை மாமா ஒருவாறு ஏற்றுக்கொண்டார். ஆனால் கட்டாங்காவை விடவில்லை. "அது பெல்ஜியக்காரன் வச்ச பேரு இல்லியே. அதுக்கும் முன்னாடியே இருக்கிறதுதானே? ஷாபான்னா என்ன அர்த்தம்?"

"தாமிரம், பாப்பா."

"தாமிரம் கிடைக்குதுன்னு ஊருக்குத் தாமிரம்னு பேரா? அப்ப கோலாருக்குத் தங்கம்னு வைக்கலாமா?"

மாடிக்காரர் சிரிப்பார். ஆரம்பத்தில் நிறையவே சிரித்தார். மாமாவோ சிரிப்பு வருகிறது என்று கண்டால் விடமாட்டார். கல்லூரியிலிருந்து மாடிக்காரர் வரும் சத்தம் கேட்டால், "கட்டாங்கா வந்தாச்சா?" என்று கூப்பிடுவார். சாப்பாடு கொடுத்தனுப்பும்போது, "கட்டாங்காவுக்கு ரசம் குடுத்தியா?" என்பார். வேடிக்கை மாதக்கணக்கில் ஓடியது. சிரிப்பு சின்னதாகிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, ஆண்கள் இருவர் விளையாடுகிறார்கள், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

தொண்ணூற்றாறு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் இறங்கிய நேரம். என் பள்ளிக்கூடத்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மாமா மொட்டைமாடித் தரையில் எலிசபெத்வில் நகரத்தை வரைந்துகொண்டிருந்தார். தாமிர ஆலையின் உயரமான புகைபோக்கி, அதன் பக்கத்தில் கசடு கொட்டிக் கொட்டி உண்டான கறுப்பு மலை. இந்த இரண்டிலும் இருவருக்கும் தகராறு இல்லை. அங்கேயிருந்து வடமேற்கே ஒரு கோடு இழுத்து, தண்ணீர்த் தொட்டிக்கு அருகே நிறுத்தி, "இதோ உன் ஜாடோவில். இது ஸ்டேஷன். எழுது தம்பி, க-ட்-டா-ங்-கா" என்று சாக்பீஸை நீட்டினார். அத்தையும் நானும் காய்ந்த மிளகாயைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தோம்.

மாடிக்காரர் சாக்பீஸை வாங்கவில்லை. "பாப்பா, என்னை அப்படிக் கூப்பிடாதீங்க," என்றார். குரல் உயரவே இல்லை.

பிறகு அந்தக் கோட்டின் நுனியில் குந்தி உட்கார்ந்து சொன்னார். அவர் தாத்தாவை ரயில் பாதை போடுவதற்காகப் பக்கத்து மாகாணமான கசாயிலிருந்து கூட்டி வந்தார்கள். சுரங்கத்துக்கும் அப்படித்தான் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அப்பாவும் ரயில்வேயில் வேலை பார்த்தார். இவரும் அண்ணனும் பிறந்தது, படித்தது, பந்து விளையாடியது எல்லாம் லிக்காசியில். கசாயை இவர் பார்த்ததே இல்லை. தொண்ணூற்றிரண்டில் ஒருநாள், 'கட்டாங்கா கட்டாங்காக்காரனுக்கே' என்று கத்திக்கொண்டு கூட்டம் வந்தது. கூட்டத்தில் இவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். அரசாங்கப் பெயர் ஷாபாதான். ஆனால் விரட்டுகிற வாய் எதுவும் ஷாபா என்று சொல்லவில்லை. வீட்டை விட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் பிளாட்பாரத்தில் இருந்தார்கள். அங்கேயே சமைத்தார்கள், அங்கேயே சில பேர் இறந்தும் போனார்கள். ரயில் வந்தபோது கசாய்க்கு ஏறினார்கள். அப்பா அந்தப் பயணத்துக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

மாமா சாக்பீஸ் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சின்ன ஸ்டேஷன் அது," என்றார். "அதுல எப்படி அவ்வளவு பேரு?"

"அதான், பாப்பா."

அத்தை மிளகாய்க் கூடையைக் கீழே வைத்தார். "எங்களுக்கும் ஒருதரம் ஆச்சு தம்பி. காவிரித் தண்ணி தகராறுல. இவ கல்யாணமாகி வந்த அதே வருஷம் டிசம்பர்ல. வாசல்ல தமிழ்ல எழுதியிருந்த போர்டைக் கழட்டிட்டு நாலு நாள் ஜன்னலைத் திறக்கல. ஆடுகோடியில என் தங்கச்சி, குழந்தைகளை இழுத்துக்கிட்டு கிருஷ்ணகிரிக்குப் போயி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வந்தா."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "அது வேற, இது வேற. நமக்குப் பக்கத்து வீட்டம்மா பாலும் தக்காளியும் கொண்டாந்து குடுத்தாங்க. நாம எங்கயும் ரயில் ஏறல. இங்கதான் இருக்கோம்." பிறகு மாடிக்காரரைப் பார்த்து, "சாரி" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அத்தை கேட்டிருப்பாரா என்று பிறகு விசாரித்தேன். இல்லை என்றார்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் கட்டாங்கா என்ற சொல்லே எழவில்லை. மூன்றாவது நாள் மாமா ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து மாடிக்காரரைக் கூப்பிட்டார். "உனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றார். கீழே கூடத்தில் நாங்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்தோம்.

லாரியில் இருந்தது துப்பாக்கி ரவை இல்லை. தண்ணீர். மாமா ஓட்டியது தண்ணீர் லாரி. பிரிந்துபோன கட்டாங்காவில் அப்போதும் கசாய்க்காரர்களை அடித்து விரட்டினார்கள். அவர்கள் தப்பித்து எலிசபெத்வில்லில் அமைதிப்படையின் முகாமை ஒட்டி வந்து விழுந்தார்கள். தகரத்திலும் சாக்கிலும் ஒரு பெரிய ஊரே முளைத்தது. அங்கே ஒரு குழாய் கிடையாது. மாமா தினமும் நாலு நடை தண்ணீர் கொண்டுபோனார். "வால்வைத் திறந்தா, டேங்க் காலியாகிறவரைக்கும் மூட முடியாது. டின்னு, சட்டி, தொப்பின்னு எல்லாத்துலயும் பிடிப்பாங்க. நான் சண்டை ஒண்ணும் போடல. தண்ணிதான் ஊத்தினேன். ராணுவத்துக்குப் போயிட்டுத் தண்ணி வண்டி ஓட்டினேன்னு எப்படிச் சொல்றது?"

கூடத்தில் என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பிலிருந்து கட்டிக் காத்த பெருமை.

மாடிக்காரர் படியில் மாமாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, தன் அம்மாவின் அக்கா அந்த முகாமில்தான் பத்து வயசுப் பெண்ணாக இருந்தார் என்றார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அந்த ஊரில் இருந்த கசாய்க் குடும்பங்கள் எல்லாமே அங்கேதான் இருந்தன. பிறகு ரயிலேறிக் கசாய்க்குப் போன பெரியம்மா, திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டாராம். "எழுதிக் கேக்கறேன், பாப்பா."

கடிதம் அப்போதெல்லாம் அந்த நாட்டுக்குத் தபாலில் போய்ச் சேராது. ஊருக்குப் போகும் மாணவர் எவராவது கையில் கொண்டுபோய், வேறொருவர் கையில் பதில் வர வேண்டும். ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் மாமா வெளியே அலட்சியமாகவும் உள்ளே தவிப்பாகவும் இருந்தார். "அந்தம்மாவுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது" என்று தினமும் ஒருதரம் சொல்வார். மீசையை மட்டும் முன்னைவிட அடிக்கடி திருத்திக்கொண்டார்.

பதில் வந்தபோது மாடிக்காரர் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்து மொழிபெயர்த்தார். பெரியம்மாவுக்குத் தண்ணீர் லாரி நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த நேரத்துக்கு வரும், எங்கே நிற்கும் எல்லாம் எழுதியிருந்தார். டிரைவரைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு வரி: 'அந்தத் தண்ணீர் மருந்து வாடை அடிக்கும். குடிக்கவே முடியாது. அவர்களிடம் கேட்டுச் சொல், அதில் என்ன போட்டார்கள்?'

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். மாமா எழுந்து நின்றார். "குளோரின். குளோரின் போடலன்னா காலரா வரும். எழுது அந்தம்மாவுக்கு. இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு குளோரின்னு கணக்கு உண்டு, நானா அள்ளிப் போடல."

மாடிக்காரர் உண்மையாகவே எழுதினார். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அன்றுதான்.

அதற்குள் அவர் நாட்டில் போர் கிழக்கேயிருந்து நகர ஆரம்பித்திருந்தது. தொண்ணூற்றேழு ஏப்ரலில் லுபும்பாஷி விழுந்தது, அம்மா இருந்த கசாய் ஊரும் விழுந்தது. மாடிக்காரர் ஐ.எஸ்.டி. பூத்தே கதியாகக் கிடந்தார். லைன் கிடைக்கவில்லை. அத்தை இரண்டு வேளை சாப்பாடு மேலே அனுப்பினார். பாதி தட்டு அப்படியே திரும்பி வந்தது.

மே மாதம் ஒருநாள் காலை பேப்பரைக் காணோம். என் கணவர் தேடினார், பேப்பர்காரரைத் திட்டினார். நான் மெத்தையைத் தட்டிப் போடும்போது மாமாவின் தலையணைக்கு அடியில் அது இருந்தது. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில், ஜயர் இனிமேல் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்று போட்டிருந்தது. சில நாள் கழித்து வந்த இன்னொரு செய்தியில் ஷாபா மீண்டும் கட்டாங்கா ஆனது. அந்தப் பேப்பரும் காணாமல் போயிற்று. இத்தனை வருஷமாக அந்த ஒரு பெயருக்காக வீட்டில் எல்லோரிடமும் மல்லுக்கு நின்ற மனிதர், அது ஜெயித்த அன்று பேப்பரைத் திருடி ஒளித்துக்கொண்டிருந்தார்.

ஒளித்து என்ன பயன்? மாடிக்காரர் நண்பர்கள் மூலம் தெரிந்துகொண்டு சாயங்காலம் இறங்கி வந்தார். "பாப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"நான் என்னத்த ஜெயிச்சேன். உக்காரு, காபி குடி," என்றார் மாமா.

அந்த மாதமே மாடிக்காரரின் விசாவை நீட்டிக்க வேண்டியிருந்தது. இல்லாத நாட்டின் பாஸ்போர்ட்டோடு அலுவலகத்துக்குப் போகிறவருக்குத் துணையாக மாமா கிளம்பினார். நிபுணர் சாட்சியாக என்னையும், என் பள்ளிக்கூடத்து அட்லஸையும் கூட்டிக்கொண்டார். கவுன்டரில் இருந்த அதிகாரி தன் பட்டியலில் காங்கோ என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அது பக்கத்தில் இருக்கும் வேறொரு காங்கோ என்று நான் சொன்னேன். அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். மாமா முன்னால் வந்து, சுத்தமான கன்னடத்தில், வியாபாரியாக வந்த ராஜாவிலிருந்து ஆரம்பித்தார். தாமிரக் கட்டிக்கு வந்தார், ரயிலுக்கு வந்தார். எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மாமா அறுபத்தொன்றாம் வருஷத்தை எட்டும் முன் அதிகாரி பேனாவைத் திறந்து, 'ஜயர்' என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'காங்கோ' என்று எழுதி, முத்திரையைக் குத்தினார். "ஸாக்கு ஸார்," என்றார் கன்னடத்தில். போதும் என்று அர்த்தம்.

ஜூலையில் ஜாம்பியாவிலிருந்து மாடிக்காரரின் அண்ணன் எங்கள் வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். அம்மா, பெரியம்மா எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். போனை வைத்துவிட்டு மாடிக்காரர் தரையில் உட்கார்ந்தார். அத்தை அவர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். மாமா வாசலில் போய் யாரும் வராத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் படிப்பு முடிந்து அவர் கிளம்பினார். மாடி அறைக்கு விழுப்புரத்துக்காரர் ஒருவர், சாஃப்ட்வேர் கம்பெனி வேலைக்காக வந்தார். மாமா அவரிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஹோசூர் ரோட்டுக்கு எந்த பஸ் என்பது மட்டுமே. மாமா அதைச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டார்.

மாடிக்காரர் இ-மெயில் அனுப்புவார். நான் பள்ளிக்கூடத்தில் அச்செடுத்து வந்து வீட்டில் படித்துக்காட்டுவேன். சில வருஷம் அண்ணனோடு ஜாம்பியாவில் இருந்துவிட்டு, இரண்டாயிரத்து நாலில் அவர் லிக்காசிக்கே திரும்பினார். ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். "எந்த ஊருன்னு போட்டிருக்கான்?" என்று மாமா கேட்டார். "லிக்காசி, கட்டாங்கா," என்று படித்தேன். "அவனே எழுதியிருக்கானா?" என்று கேட்டு, அச்செடுத்த தாளை வாங்கித் தானும் பார்த்துக்கொண்டார். மாமா இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு அந்த மாகாணத்தை நான்காகப் பிரித்துவிட்டார்கள். என் மாணவிகளின் இப்போதைய அட்லஸில் மொத்தமாகக் கட்டாங்கா என்று ஒன்று இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, இரண்டாயிரத்து ஐந்தில், மாடிக்காரருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் உள்ளூர்க்காரி, அவரை விரட்டிய தரப்பைச் சேர்ந்த குடும்பம். இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் பேசி ஒத்துக்கொண்டார்களாம். அத்தை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கி, மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் வைத்த பட்டுப்புடவை ஒன்று எடுத்தார். உடுத்திக்கொள்வது எப்படி என்று நான் படம் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்து உள்ளே வைத்தேன். பார்சல் போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று.

அங்கேயிருந்து நன்றி வந்தது, ஒரு போட்டோவும் வந்தது. அவர்கள் ஊரில் பெண்களுக்குத் துணி ஆறு கஜமாகத்தான் வாங்குவார்களாம். அதை மூன்றாக வெட்டி, மூன்று பேர் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களாம். 'மாமா எப்படி எங்கள் அளவைத் தெரிந்து சரியாக ஆறு கஜம் அனுப்பினார்கள் என்று எல்லோருக்கும் ஆச்சரியம்' என்று அத்தையைப் பற்றி மாடிக்காரர் எழுதியிருந்தார். போட்டோவில் கல்யாணப் பெண், கசாயிலிருந்து வந்திருந்த அம்மா, பெரியம்மா, மூன்று பேரும் மாம்பழ நிறப் பட்டில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு வேலையே இருக்கவில்லை.

"பட்டுப்புடவையைக் கத்திரிக்கோல் போட்டு வெட்டிட்டாங்களா?" என்றார் அத்தை. அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, அத்தையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ஆராய்ந்தார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன்.

"முந்தானை யாருக்குப் போச்சுன்னு பார்க்கறேன்." விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். ஜரிகை அடர்ந்த அந்தத் துண்டு பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது. "பெரியவங்களுக்குத்தான் குடுத்திருக்கா. நல்ல பொண்ணுதான்," என்றார் அத்தை.